ஏரிச் சேற்றில் சோப்புத்தூள் எச்சத்தை அளப்பது: கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

கெலவரப்பள்ளி அணையின் மதகு திறக்கும்போது தென்பெண்ணையில் நுரை மலைபோல் எழும்பும் படங்களை ஓசூர்ப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. அந்தப் படங்களுக்குப் பிறகு வரும் கேள்விகளே இவை. கேட்பவர்களில் ஆயக்கட்டு விவசாயிகள் உண்டு, ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர்கள் உண்டு, முதுகலை வேதியியல் ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்ட மாணவர்களும் உண்டு. அதனால் சில பதில்கள் வயல் வரப்பில் நின்று சொல்வதாகவும், சில பதில்கள் ஆய்வக மேசையில் உட்கார்ந்து சொல்வதாகவும் இருக்கும்.

நுரை கண்ணுக்கே தெரிகிறது. பிறகு சேற்றை எதற்கு அளக்க வேண்டும்?

நுரை அந்த நேரத்து நிலவரத்தை மட்டும் காட்டுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சோப்புப் பொருள் இருந்தாலே, தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு அடிபடும் இடத்தில் நுரை எழும்பும். சாக்கடையில் வரும் புரதமும் மக்கிய இலைதழைச் சத்தும் சேர்ந்தால் அந்த நுரை கலையாமல் நிற்கும். மறுநாள் மதகை மூடினால் நுரை இல்லை. அதனால் மாசும் இல்லை என்று சொல்ல முடியுமா?

சோப்புப் பொருள் தண்ணீரில் மட்டும் இருப்பதில்லை. களிமண்ணிலும், மக்கிய கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. பெங்களூரு வரத்தூர் ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தினர் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: சேற்றில் ஒட்டிக் கிடந்த சோப்புப் பொருள், மழைக்கால முதல் வெள்ளம் அடியைக் கலக்கும்போது மறுபடி தண்ணீருக்கு வந்து நுரையாகிறது. வரத்தூர், பெல்லந்தூர் ஏரிகளின் தண்ணீர் வந்து சேருவது தென்பெண்ணையில்தான். நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை), இச்சம்பாடி அணைக்கட்டு, சாத்தனூர் என்று போகிற அதே ஆறு. எனவே நுரையைப் படம் எடுப்பதைவிடச் சேற்றை அளந்து வைப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. படம் ஒரு நாள் பேசும். அளந்த எண்ணை அடுத்த ஆண்டும் எடுத்து ஒப்பிடலாம்.

சேற்றில் குறிப்பாக எந்தப் பொருளைத் தேடுகிறோம்?

முதன்மையாக நேர்த்தொடர் ஆல்க்கைல்பென்சீன் சல்ஃபோனேட். சுருக்கமாக எல்.ஏ.எஸ். குடிசைத் தொழிலாகச் சோப்புத்தூள், பாத்திரப் பவுடர் தயாரிப்பவர்களைக் கேட்டால் 'ஆசிட் ஸ்லரி' என்பார்கள். அந்தக் கரும்பழுப்புக் கூழைச் சோடா ஆஷ் கொண்டு நடுநிலையாக்கினால் கிடைப்பதுதான் எல்.ஏ.எஸ். இதற்கு மூலப்பொருளான ஆல்க்கைல்பென்சீன் சென்னை மணலியிலேயே தயாராகிறது. விலை மலிவு, அழுக்கை நன்றாக எடுக்கும். அதனால் வாளித் தண்ணீரில் கரைக்கும் தூளிலிருந்து வாஷிங் மெஷின் நீர்மம் வரை இது இருக்கிறது.

மூலக்கூறைத் தலைப்பிரட்டை மாதிரி நினைத்துக்கொள்ளலாம். தலையில் தண்ணீரை விரும்பும் சல்ஃபோனேட். வாலில் எண்ணெயை விரும்பும் கார்பன் தொடர். அந்த வாலில் 10 முதல் 13 வரை கார்பன்கள் இருக்கும். வாலின் எந்தக் கார்பனில் பென்சீன் வளையம் ஒட்டியிருக்கிறது என்பதும் மாறும். எல்லாம் சேர்த்தால் விற்பனைக்கு வரும் எல்.ஏ.எஸ். 20 மாற்றியங்களின் கலவை. இந்த நுணுக்கம் அளவையில் மறுபடி வரும்.

'மக்கும் தன்மை கொண்டது' என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்களே?

பொய்யில்லை. ஆனால் அது காற்று இருக்கும் இடத்துக்கு மட்டும் பொருந்தும். 1950களில் உலகம் முழுவதும் பயன்பட்டது கிளைத்தொடர் ஆல்க்கைல்பென்சீன் சல்ஃபோனேட். நுண்ணுயிர்களால் அந்தக் கிளைகளை எளிதில் உடைக்க முடியவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்துக் கிடந்தன. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டு 1964-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965-ல் நேர்த்தொடருக்கு மாறினார்கள். பிராணவாயு உள்ள தண்ணீரில் நேர்த்தொடர் வேகமாகச் சிதைகிறது. நுண்ணுயிர் முதலில் வாலின் நுனியைக் கடிக்கும். சல்ஃபோஃபீனைல் கார்பாக்சிலேட் என்ற இடைப்பொருள் உண்டாகும். பிறகு அதுவும் போகும்.

சிக்கல் சேற்றில்தான். நம் ஏரிச் சேற்றில் கையை விட்டால் மேலே சில மில்லிமீட்டர் பழுப்பாகவும், அதற்குக் கீழே கறுப்பாக அழுகிய முட்டை நாற்றத்தோடும் இருக்கும். அந்தக் கறுப்பில் பிராணவாயு இல்லை. எல்.ஏ.எஸ். சிதைவின் முதல் படிக்கே பிராணவாயு தேவைப்படுவதால், கறுப்புச் சேற்றில் புதைந்தது ஏறக்குறைய அப்படியே கிடக்கும். காற்றில்லாத் தொட்டியில் செரித்த நகரக் கழிவுச் சேற்றில் கிலோவுக்குக் கிராம் கணக்கில் எல்.ஏ.எஸ். மிஞ்சுவதும் இதனால்தான்.

எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டு விதத்தில். நீங்கள் உப்புத் தண்ணீர் என்பது பெரும்பாலும் கடினநீர். அதில் அழுக்குப் போகவில்லை என்று வீட்டில் தூளைக் கூடுதலாகப் போடுகிறார்கள். அடுத்து, தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் எல்.ஏ.எஸ்.ஸின் எதிர்மின் தலையோடு சேர்ந்து அதன் கரைதிறனைக் குறைக்கின்றன. எதிர்மின் கொண்ட களிமண் பரப்புக்கும் சோப்பு மூலக்கூறுக்கும் நடுவில் பாலமாகவும் நிற்கின்றன. ஆகவே கடினநீர் உள்ள ஊரில் சோப்புப் பொருள் சேற்றுக்கு இறங்குவது கூடும். கருங்கல்லும் நைஸ் பாறையும் கொண்ட நம் இரு மாவட்டங்களில் இதைக் கணக்கில் எடுக்காமல் வேறு ஊர் ஆய்வின் எண்ணை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது.

ஏரியில் எந்த இடத்தில் சேறு எடுப்பது?

பாதி வேலை இதில்தான் கெட்டுப்போகிறது. வசதியான இடத்தில் கரையோரமாக ஒரு கை அள்ளி வருகிறார்கள். அது பெரும்பாலும் மணலாக இருக்கும். மணலில் எல்.ஏ.எஸ். அதிகம் ஒட்டாது. ஏரியில் தண்ணீர் நுழையும் வாய்க்காலருகே மணலும் சரளையும் முதலில் படியும். நயமான களி மதகுக்கு அருகே, ஆழமான பகுதியில், போய்ப் படியும். ஒரே ஏரியில் இந்த இரண்டு இடத்துக்கும் எண் பல மடங்கு வேறுபடலாம். நுழைவாய் மணலை ஓர் ஏரியிலும் மதகடிக் களியை இன்னோர் ஏரியிலும் எடுத்து ஒப்பிட்டால், மாசின் வேறுபாடு தெரியாது, மண்ணின் வேறுபாடுதான் தெரியும்.

நான் சொல்வது இது. நுழைவாயில் ஒன்று, நடுவில் ஒன்று, மதகடியில் ஒன்று என்று குறைந்தது மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் சில அடி இடைவெளியில் மூன்று முறை எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். சாக்கடை கலக்காத ஓர் ஏரியிலிருந்து ஒப்பீட்டுச் சேறும் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் கரிமப் பொருளின் அளவையும், களி எவ்வளவு மணல் எவ்வளவு என்பதையும் கூடவே அளந்து எழுதுங்கள். இவை இல்லாத எல்.ஏ.எஸ். எண்ணை நான் நம்புவதில்லை.

பருவமும் முக்கியம். கோடையில் தண்ணீர் வற்றிய மே மாதத்தில் ஒரு முறையும், மழை நின்ற பிறகு ஒரு முறையும் எடுத்தால், வெள்ளம் எதை அள்ளிப் போனது, எதைக் கொண்டுவந்து போட்டது என்று தெரியும்.

எவ்வளவு ஆழம்?

இப்போதைய நிலவரம் தெரிய மேல் 2 முதல் 5 செ.மீ. போதும். வரலாறு தெரிய வேண்டுமானால் குழாய் இறக்கித் தண்டு போலச் சேற்றை எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். ஆனால் தூர்வாரிய ஏரியில் அடுக்கு கலைந்திருக்கும். எந்த ஆண்டு தூர்வாரினார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் குழாயை இறக்குங்கள்.

மாதிரியை எப்படிப் பாதுகாப்பது?

முதல் விதி: சேறு தொடும் எந்தப் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். எல்லா ஆய்வகத்திலும் கண்ணாடிப் பொருளை டிடர்ஜென்ட் போட்டுக் கழுவுவதுதான் வழக்கம். இந்த ஆய்வில் அதுவே மாசு. வெந்நீர், பிறகு ஆல்கஹால் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு மெத்தனால், கடைசியில் வடிநீர் என்று அலசுங்கள். சூடு தாங்கும் கண்ணாடியை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் சுட்டு எடுத்தால் இன்னும் நல்லது. மாதிரி எடுப்பவர் அன்று காலை துணி துவைத்த கையோடு வரக் கூடாது என்றுகூட மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அடுத்தது, சேற்றை வெயிலில் பரப்பி நாள் கணக்கில் உலர்த்துவது. மண் பரிசோதனைக்கு அது சரி. இங்கே அது கூடாது. கறுப்புச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் கிடந்த பொருள், காற்றுப் பட்டதும் சிதையத் தொடங்கும். உலர்ந்து முடிவதற்குள் நீங்கள் அளக்க வந்ததில் ஒரு பங்கு போய்விடும். எடுத்த சேற்றைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகம் சேர்த்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். உறைநிலையில் உலர்த்தும் கருவி இருந்தால் அதில் உலர்த்திப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். உடனே உறைய வைக்க வழியில்லை என்றால் சிறிது ஃபார்மலின் சேர்த்து நுண்ணுயிரை நிறுத்தலாம். ஈரப்பதத்துக்குத் தனியாக ஒரு பங்கை 105 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள்.

கல்லூரியில் மெத்திலீன் நீலச் சோதனை செய்கிறோம். அது போதாதா?

தண்ணீருக்கு முதல் கட்டச் சோதனையாகப் போதும். சேற்றுக்குப் போதாது.

நீல நிறச் சாயமான மெத்திலீன் நீலம் நேர்மின் கொண்டது. எதிர்மின் சோப்பு மூலக்கூறோடு ஒன்றுக்கு ஒன்றாக இணையும். அந்த இணை குளோரோஃபார்மில் கரையும், தனிச் சாயம் கரையாது. குளோரோஃபார்ம் அடுக்கின் நீல நிறத்தை 652 நானோமீட்டரில் அளக்கிறோம். கிடைக்கும் எண்ணுக்கு எம்.பி.ஏ.எஸ்., அதாவது மெத்திலீன் நீலத்தோடு வினைபுரியும் பொருள்கள், என்று பெயர். அதில் எல்.ஏ.எஸ். மட்டும் இருப்பதாக எந்த உறுதியும் இல்லை. சேற்றை மெத்தனாலில் கொதிக்க வைத்தால் மக்கிய இலைதழையின் ஹியூமிக் பொருள்களும் கூடவே இறங்கும். அவையும் சாயத்தோடு இணைந்து எண்ணை ஏற்றிக் காட்டும். குளோரைடும் நைட்ரேட்டும் அதிகமானாலும் ஏறும். துணி மென்மையாக்கியில் உள்ள நேர்மின் சர்ஃபாக்டன்ட் (சோப்பு வகைப் பொருள்களின் பொதுப்பெயர் சர்ஃபாக்டன்ட்) இருந்தால், சாயத்துக்குப் போட்டியாக நின்று எண்ணை இறக்கும். அமிலம் சேர்த்த கரைசலால் குளோரோஃபார்ம் அடுக்கைத் திரும்ப அலசினால் குளோரைடின் தொல்லை குறையும். ஹியூமிக் தொல்லை முழுதும் போகாது.

சாக்கடையே பார்க்காத, ஆகாயத்தாமரை அழுகிக் கிடக்கும் ஒரு குட்டையின் சேற்றிலும் எம்.பி.ஏ.எஸ். எண் வரும். அதை வைத்துச் சோப்பு மாசு என்று எழுதிவிடாதீர்கள். ஒப்பீட்டுச் சேறு வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று: நியமக் கரைசல், அதாவது ஒப்பிட அளவுகோலாக வைக்கும் கரைசல், எது என்று எழுதுங்கள். சிலர் சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டை வைக்கிறார்கள். அதன் மூலக்கூறு நிறை சுமார் 288. 12 கார்பன் வாலுள்ள எல்.ஏ.எஸ். சோடிய உப்பின் நிறை சுமார் 348. சாயம் மூலக்கூறு எண்ணிக்கையைப் பார்க்கிறதே தவிர எடையை அல்ல. எனவே ஒரே சேற்றை முதல் நியமப்படி 10 என்று எழுதுபவரும், இரண்டாம் நியமப்படி 12 என்று எழுதுபவரும் ஒன்றையே சொல்கிறார்கள்.

அப்படியானால் சரியான முறை எது?

உயர்திறன் நீர்ம வண்ணப்படிவியல், எச்.பி.எல்.சி., ஒளிர்வு உணரியோடு. நடைமுறை இப்படிப் போகும். உலர்ந்த சேற்றில் 5 முதல் 10 கிராம் எடுத்துச் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடி வடிகருவியில் மெத்தனால் கொண்டு பல மணி நேரம் வடித்தெடுப்பார்கள். மீயொலித் தொட்டியிலும் எடுக்கலாம். வேகம் அதிகம், ஆனால் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். வடித்ததை ஆவியாக்கி, தண்ணீரில் எடுத்து, சி-18 என்ற எண்ணெய்த்தன்மைப் பொருள் நிரப்பிய சிறு குழலில் செலுத்தினால் சோப்புப் பொருள் அதில் பிடிபடும். உப்பும் நீரில் கரையும் அழுக்கும் போய்விடும். மெத்தனாலால் அதை இறக்கி, அடுத்து எதிர்மின் அயனி மாற்றிக் குழலில் செலுத்தினால் எல்.ஏ.எஸ். மட்டும் ஏறக்குறையத் தனியாகப் பிரியும். இந்த இரண்டாம் படியைச் சோம்பலில் விடுகிறவர்கள் உண்டு. நம் ஏரிச் சேறு கரிமப் பொருள் மிகுந்தது. விட்டால் கருவி வரையும் படத்தில் மேடு தவிர வேறொன்றும் தெரியாது.

பிறகு கருவி. பென்சீன் வளையம் 225 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா ஒளியை வாங்கி, 290-ஐ ஒட்டி ஒளிரும். வால் நீளத்துக்கு ஏற்ப சி-10, சி-11, சி-12, சி-13 என்று நான்கு கூட்டமாக உச்சிகள் வரும். இந்த நான்கின் விகிதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வாலில் ஒரு கார்பன் கூடினால் சேற்றில் ஒட்டும் தன்மை ஏறத்தாழ மூன்று மடங்கு கூடும். அதனால் தண்ணீரில் சி-10, சி-11 மிகுந்தும், சேற்றில் சி-12, சி-13 மிகுந்தும் இருக்க வேண்டும். சேற்றில் கண்ட விகிதம் கடையில் வாங்கிய தூளின் விகிதத்தோடு அச்சாக ஒத்துப்போனால் எனக்குச் சந்தேகம் வரும்: ஆய்வகப் பாத்திரத்திலிருந்து வந்ததோ என்று.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அவசியமா?

மூலக்கூறின் நிறையைக் காட்டும் இந்தக் கருவி இருந்தால் நல்லது. எதிர்மின் அயனி நிலையில் சி-10 முதல் சி-13 வரை நிறை 297, 311, 325, 339 என்று வரும். உடைத்தால் 183-ல் பொதுத் துண்டு கிடைக்கும். இடைப்பொருள்களையும் பார்க்கலாம். எல்.ஏ.எஸ். மட்டும் வேண்டுமானால் ஒளிர்வு உணரியே போதும்.

எண் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதிரி இல்லாமல் மற்ற எல்லாப் படிகளையும் செய்து பாருங்கள். இது வெற்றுச் சோதனை. அதில் எல்.ஏ.எஸ். வந்தால் எங்கோ கழுவலில் பிழை. அடுத்து, ஒப்பீட்டுச் சேற்றில் தெரிந்த அளவு எல்.ஏ.எஸ். சேர்த்து, ஓர் இரவு ஒட்டவிட்டு, முழு முறையும் செய்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். சேர்த்த உடனே வடித்தால் நல்ல விழுக்காடு கிடைக்கும். அது ஆறுதலுக்கு மட்டும் உதவும். ஒட்டவிட்ட பிறகு கிடைப்பதே உண்மைக்கு அருகில். விற்பனைக் கலவையில் இல்லாத 8 கார்பன் அல்லது 15 கார்பன் வாலுள்ள சல்ஃபோனேட்டை ஆரம்பத்திலேயே அளந்து சேர்த்துவிட்டால், ஒவ்வொரு மாதிரியிலும் இழப்பு எவ்வளவு என்று அதுவே சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

எடுத்துக்காட்டுக்காக: உலர் சேறு 5 கிராம், கடைசியாக வடித்தெடுத்த கரைசல் 10 மி.லி.; கருவி காட்டியது லிட்டருக்கு 1.2 மி.கி. அப்படியானால் அந்தக் கரைசலில் மொத்தம் 0.012 மி.கி. அதை 0.005 கிலோவால் வகுத்தால் கிலோ உலர் சேற்றுக்கு 2.4 மி.கி. மீட்பு, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைத்த பங்கு, 80 விழுக்காடு என்றால் திருத்திய எண் 3.0. அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள்.

இதே சேற்றில் ஈரம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், திருத்தாத எண் ஈர எடைக்கு 0.96 ஆகிவிடும். ஈர எடையா, உலர் எடையா என்று குறிப்பிடாத அறிக்கை கையில் கிடைத்தால் அதைத் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு எல்லாரும் ஷாம்பு போடுகிறார்கள். சீயக்காயும் நுரைக்கிறது. அவையும் கணக்கில் வருமா?

ஷாம்பில் உள்ள சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் எதிர்மின் சர்ஃபாக்டன்ட்தான். மெத்திலீன் நீலம் அதைப் பிடிக்கும். அதில் பென்சீன் வளையம் இல்லாததால் ஒளிர்வு உணரி அதைப் பார்க்காது. ஆனால் இந்த வகைச் சல்ஃபேட்டுகள் காற்றில்லாத சேற்றிலும் சிதையும். பல மாதம் கிடந்த கறுப்புச் சேற்றில் தேட வேண்டியது எல்.ஏ.எஸ்.ஸையே. சீயக்காய், பூந்திக்கொட்டையின் நுரை சாப்போனின் என்ற தாவரப் பொருளால் வருவது, எச்.பி.எல்.சி. படத்தில் எல்.ஏ.எஸ். இருக்கும் இடத்தில் அது வராது. ஒகேனக்கல் போன்ற அருவியில் சோப்பே இல்லாமலும் கொஞ்சம் நுரை இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மற்ற வகைச் சர்ஃபாக்டன்ட்களை விட்டுவிடலாமா?

நேர்மின் வகை சேற்றில் எல்.ஏ.எஸ்.ஸைவிட இறுக்கமாக ஒட்டும். துணி மென்மையாக்கியில் இருந்த பழைய நேர்மின் பொருள் சேற்றில் தங்குகிறது என்று கண்ட பிறகு, 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் சிதையக்கூடிய எஸ்டர் வகைக்கு மாறினார்கள். மின்சுமை இல்லாத வகையில் கவனிக்க வேண்டியது நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட். சேற்றில் இதன் தொடர் தேய்ந்து கடைசியில் நோனைல்ஃபீனால் மிஞ்சும். அது மீனின் ஹார்மோனைக் குழப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் இதற்குக் கட்டுப்பாடு விதித்து 2005 முதல் நடைமுறைப்படுத்தியது. சாயப் பட்டறையோ தோல் பதனிடும் ஆலையோ மேலே இருந்தால் எல்.ஏ.எஸ்.ஸோடு நிறுத்திக்கொள்ளாமல் நோனைல்ஃபீனாலையும் அளக்கச் சொல்வேன்.

அரசு வரம்பு என்ன?

குடிநீருக்கு உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012)-ன்படி எதிர்மின் டிடர்ஜென்ட் லிட்டருக்கு 0.2 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.0 மி.கி. வரை. இது எம்.பி.ஏ.எஸ். அளவு. ஏரிச் சேற்றுக்கு இந்தியாவில் வரம்பு இல்லை. வயலில் போடும் நகரக் கழிவுச் சேற்றுக்கு டென்மார்க் கிலோ உலர் எடைக்கு 1,300 மி.கி. என்று வைத்தது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு வரைவில் 2,600 என்று இருந்தது. அவை வயல் மண்ணுக்கான கணக்கு. ஏரியடியில் வாழும் புழு, நத்தை, மீன் முட்டைக்கு அதைக் காட்டி 'பாதுகாப்பு' என்று சொல்வது தவறு.

ஏரி வண்டலை வயலுக்கு ஓட்டலாமா? சோப்பு எச்சம் பயிரைக் கெடுக்குமா?

வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி டிராக்டரில் வண்டல் அடிப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. எல்.ஏ.எஸ்.ஸைப் பொறுத்தவரை என் பதில் ஆறுதலானதே. வயலில் காற்று இருக்கிறது. பரப்பிக் காயவிட்டு, ஓரிரு உழவு ஓட்டினால், சில நாள் முதல் சில வாரத்துக்குள் பாதி சிதைந்துவிடும். தொடர்ந்து மீதியும் போகும். அடித்த அன்றே நாற்று நடாமல் இருங்கள், அவ்வளவே.

எனக்குக் கவலை தருவது வேறு. நகரச் சாக்கடையோ ஆலைக் கழிவோ சேரும் ஏரி என்றால் அதே சேற்றில் ஈயம், காட்மியம், குரோமியம் இருக்கலாம். உழவு ஓட்டினாலும் உலோகம் சிதையாது, பயிரில் ஏறும். அப்படிப்பட்ட ஏரியில் வண்டல் எடுப்பதற்கு முன் உலோகப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள். கையிலிருக்கும் பணம் ஒரு சோதனைக்குத்தான் போதும் என்றால் உலோகத்துக்குச் செலவழியுங்கள். மானாவாரிப் பகுதியில் மழைநீர் மட்டும் நிறையும் ஏரி வண்டலுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

முதல் மழைக்கு மீன் செத்து மிதப்பது சோப்பினாலா?

எல்.ஏ.எஸ். மீனின் செவுளைத் தாக்கும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தால் சாகடிக்கும். நீண்ட வாலுள்ளது கூடுதல் நஞ்சு. ஆனாலும் முதல் வெள்ளத்தில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பிராணவாயு இல்லாமை. கலங்கிய கறுப்புச் சேறு தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். விடியற்காலையில் கரைந்த பிராணவாயுவை அளந்துவிட்டுப் பேசுங்கள். காலை பத்து மணிக்கு அளந்தால் பாசி அதை ஏற்றியிருக்கும். கே.ஆர்.பி. அணை மீனைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: எல்.ஏ.எஸ்.ஸை மீன் தன் உடலில் உடைத்து வெளியேற்றிவிடும். அது உடலில் பெரிதாகச் சேர்வதில்லை.

ஏரி பச்சையாக இருப்பதும் சோப்பினாலா?

அது பாஸ்பேட், நைட்ரஜன் சத்தினால் வரும் பாசி. சோப்புத்தூளிலிருந்தும் வரலாம், மலக் கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வரலாம். வேறு சோதனை.

எல்.ஏ.எஸ். போன பிறகும் சாக்கடை வந்த சுவடு தெரியுமா?

தெரியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆசிட் ஸ்லரி தயாரிக்கும்போது சல்ஃபோனேட் ஆகாமல் தப்பிய ஆல்க்கைல்பென்சீன் சிறிதளவு சோப்புத்தூளோடு வந்துவிடும். தண்ணீரை விரும்பும் தலை அதற்கு இல்லாததால் சேற்றோடு போய்த் தங்கும். 10 முதல் 14 கார்பன் வரை 26 மாற்றியங்கள். காற்றுள்ள இடத்தில், வளையம் வாலின் ஓரத்தில் ஒட்டியவை முதலில் சிதையும். நடுவில் ஒட்டியவை நிற்கும். எனவே நடுவகைக்கும் ஓரவகைக்கும் உள்ள விகிதத்தை வாயு வண்ணப்படிவியலில் பார்த்தால், சேறு வந்து சேருமுன் அந்தச் சாக்கடை எவ்வளவு தூரம் சுத்திகரிக்கப்பட்டது என்று சொல்லலாம். விகிதம் தூளின் விகிதத்தை ஒட்டியே இருந்தால், கழிவு அப்படியே திறந்துவிடப்பட்டது என்று பொருள். சுத்திகரித்துத்தான் விடுகிறோம் என்று மேலே யாராவது சொன்னால், இந்த விகிதம் அதைச் சோதிக்கும்.

தனியார் ஆய்வகத்தில் கொடுத்தால் என்ன கேட்க வேண்டும்?

ஓசூரிலும் பெங்களூரிலும் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று பட்டியலிட்டுத் தருவார்கள். தண்ணீரில் எதிர்மின் டிடர்ஜென்ட் அளக்க அங்கீகாரம் இருப்பவரிடம் சேற்றுக்கு இல்லாமல் இருக்கலாம். பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். என்ன கரைப்பான், என்ன நியமம், மீட்பு எவ்வளவு, உலர் எடையா, அளக்கக்கூடிய குறைந்த அளவு எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். கல்லூரியிலேயே செய்தால், குளோரோஃபார்மைப் புகைப்போக்கி அலமாரிக்கு வெளியே திறக்காதீர்கள். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

எண் கைக்கு வந்த பிறகு யாரிடம் கொடுப்பது?

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்; நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒவ்வொரு நகல். எண் மட்டும் எழுதிய தாளுக்கு மதிப்பு இல்லை. எடுத்த இடத்தின் வரைபடம், தேதி, ஆழம், அன்றைய நீர்மட்டம், முறை, வெற்றுச் சோதனை, மீட்பு, ஒப்பீட்டு ஏரியின் எண் ஆகியவை வேண்டும். கெலவரப்பள்ளி என்றால் முழுக் கொள்ளளவு மட்டம் 44.28 அடி, கே.ஆர்.பி. என்றால் 52 அடி. அதில் அன்று எத்தனை அடி இருந்தது என்று அணை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துவிடுங்கள். மிச்சச் சேற்றில் ஒரு புட்டியை முத்திரையிட்டு உறைநிலையிலேயே வைத்திருங்கள். அளவையில் ஐயம் என்று யாராவது சொன்னால் அந்தப் புட்டியை அவர்கள் ஆய்வகத்துக்கே கொடுக்கலாம்.